ஞானம் மிஸி தவணைக்குத் தந்த வீடு

செய்தி வந்தபோது நான், தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இருந்தேன். விடியற்காலையிலிருந்து விடாத மழை. மழை நாளில் ரப்பர் பால்வெட்டு கிடையாது. தாய்மார் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். காம்பராவில் இரண்டே குழந்தைகள், அவையும் தூக்கம். என் கணவர் பாஸ்கரன் யட்டியாந்தோட்டை பஸாரில் த்ரீவீல் ஓட்டுகிறவர். ஸ்டாண்டிலிருந்து போன் எடுத்தார். “ராஜி, ஞானம் மிஸி போயிட்டாங்களாம்.” எங்கே போனார் என்று கேட்டேன். “சாவு வீட்டுக்குப் போகணும், கிளம்பு” என்றபோதுதான் எனக்குப் புரிந்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மழை இப்படிக் கொட்டுகிறது, ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது, இன்றைக்குப் பார்த்துத்தானா போக வேண்டும் இந்த மனுஷி என்று கோபம். அது ஏன் வந்தது என்று சொன்னால்தான் மிஸியைப் பற்றிச் சொன்னதாக ஆகும்.

தேவாலயத்தில் நடக்கும் அவருடைய முதலாண்டுப் பூசைக்கு வரப்போகிற நம்மில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். அவர் தோட்டத்து மருத்துவிச்சி. மருத்துவிச்சியையும் நர்ஸையும் மிஸி என்று கூப்பிட்டே பழகியவர்கள் நாம். ஞானசௌந்தரி என்ற முழுப்பெயர் மரண அறிவித்தலில்தான் பலருக்குத் தெரிந்தது. ஆனால் அவர் வீட்டு வியாபாரமும் செய்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படிச் செய்தார் என்பதுதான் வாங்கியவர்களைத் தவிர யாருக்கும் சரியாகத் தெரியாது.

யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய வீடுகளையே அவர் தேடி வாங்கினார். யாரோ தூக்குப் போட்டுக்கொண்ட வீடு, குடிவந்தவர்கள் மாதம் முடிவதற்குள் மூட்டை கட்டிய வீடு. அப்படிப்பட்ட வீட்டின் விலை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். வாங்கிய கையோடு வாடகைக்கு விட மாட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மழைக்காலம் முழுக்கத் தானே அங்கே இருப்பார், அங்கிருந்தே வேலைக்கு வருவார். “நான் இருக்காத வீட்டுல இன்னொருத்தர இருங்கன்னு எந்த வாயால சொல்றது புள்ள?” என்பார். அதன் பிறகுதான் வாடகை. குடியிருப்பவர்கள் ஒழுங்கானவர்கள் என்று தெரிந்தால் ஒருநாள் வந்து உட்கார்ந்து பிளேன்டீ குடித்துவிட்டு, “இந்த வீட்ட நீங்களே எடுத்துக்கிறீங்களா?” என்று கேட்பார். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவனுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? நிலம் தோட்டத்துடையது, காம்பரா தோட்டத்துடையது, ஈடு வைக்க ஓர் உறுதிப் பத்திரம் கிடையாது. ஆகவே மிஸியே வங்கியானார். முன்பணம் கொஞ்சம், மிச்சம் மாதத் தவணை, கேகாலையில் பத்திரம் எழுதுகிற ஒரு நொத்தாரிசிடம் ஒப்பந்தம். கடைசித் தவணை கட்டியதும் உறுதி, வாங்கியவர் பெயருக்கு மாறும். அதுவரை கூரை ஒழுகினாலும் கிணறு இடிந்தாலும் பொறுப்பு மிஸியுடையது.

சும்மா சொல்லக் கூடாது, அவர் தருமத்துக்குச் செய்யவில்லை. காசாசை பிடித்தவள் என்று சிலர் முதுகுக்குப் பின்னால் பேசியது அவர் காதுக்கும் எட்டியது. “லாபம் வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? லாபம் எனக்கு, வீடு அவங்களுக்கு. ரெண்டு பக்கமும் சிரிச்சாத்தான் அது யாவாரம்” என்று என்னிடம் சொன்னார். அப்படிப் பேசியவர் கடைசி வரை தோட்டத்து குவார்ட்டர்ஸில்தான் இருந்தார். அங்கேயேதான் போனார்.

இப்போது நாங்கள் இருக்கிற ஆற்றோரத்து வீட்டை அவர் விலை பேசப் போன அன்று என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். சொந்தக்காரர் ஒரு சிங்களப் பெரியவர். விலையை அவரே குறைத்துக்கொண்டே போனார். மிஸிக்கு அது பிடிக்கவில்லை. “எத்த கியன்ன மாத்தயா,” உண்மையைச் சொல்லுங்கள் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பெருவெள்ளம் வந்த ஒரு வருடம் வீட்டார் எல்லோரும் மேட்டிலிருந்த பன்சலைக்கு, புத்த கோயிலுக்கு, ஏறிவிட்டார்கள். தண்ணீர் வடிந்து திரும்பி வந்தால் பின்கதவுப் படியில் ஒரு பெண் செத்துக் கிடந்தாள். எந்த ஊர், யார் பெண் என்று கடைசி வரை தெரியவில்லை. கதவில் உள்ளங்கைச் சேறு அப்பிக் கிடந்தது. அன்றிலிருந்து மழை பிடித்து ஆறு ஏறுகிற மத்தியானங்களில் பின்பக்கக் குழாயில் யாரோ கால் கழுவுகிற சத்தம் கேட்கும், பிறகு கதவு தட்டும்.

மிஸி ஒரே ஒரு கேள்வி கேட்டார், அவளுக்கு எத்தனை மாதம் என்று. பெரியவர் திடுக்கிட்டார், ஏனென்றால் அவள் பிள்ளைத்தாய்ச்சி என்று அவர் இன்னும் சொல்லவே இல்லை. நிறைமாதம் என்றார். மிஸி அங்கேயே முன்பணத்தை எண்ணி வைத்தார். திரும்பி வரும்போது அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். “மிஸி, உங்களுக்குப் பயமே இல்லையா?” என்றேன். “வலியோட வந்து கதவு தட்டுறவளுக்கு நான் பயந்தா, என்னை எதுக்கு மிஸின்னு கூப்புடுறாங்க?” என்றார்.

ஒரு மழைக்காலம் அவர் அங்கே இருந்தார். அடுத்து நாங்கள் வாடகைக்குப் போனோம், பிறகு தவணைக்கு எடுத்தோம். பைத்தியமா உனக்கு என்று நீங்களே என்னிடம் கேட்டீர்கள். லயத்தில் ஒரே காம்பராவில் மாமியார், கொழுந்தன் குடும்பம், நாங்கள், வயதுக்கு வந்த மகள். பேயோடு இருப்பது எனக்கு அதைவிடச் சுலபமாகத் தெரிந்தது. மிஸி எதையும் மறைக்கவில்லை. “எதச் சேத்து விக்கிறேன்னு சொல்லித்தான் விப்பேன். மழை நாள்ல பகல்ல பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போடாதீங்க. தட்டுனா நீங்க திறக்கவும் வேணாம், எனக்குப் போன் எடுங்க. உறுதி என் பேர்ல இருக்கிற வரைக்கும் கூரை மாதிரி அவளும் என் பொறுப்பு.”

ஒப்பந்தம் எழுதிய பிறகும் நாங்கள் செய்த கூத்தைக் கேளுங்கள். வருடம் ஒன்று போயும் சுவரில் ஓர் ஆணி அடிக்கவில்லை. கலண்டர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தது, சாமிப்படம் அலமாரி மேலே. லயத்தில் ஒரு கம்பி கட்டுவதற்கும் ஆபீஸில் கேட்டுப் பழகிய ரத்தம். பாஸ்கரன் மிஸியிடம் போய் “ஒரு ஆணி அடிச்சுக்கலாமா?” என்று கேட்டுவிட்டார். மிஸிக்கு வந்தது பாருங்கள் கோபம்! பக்கத்து வீட்டில் சுத்தியல் வாங்கி வந்து என் கையில் திணித்து, “அடி புள்ள! வாடகைக்கு இருக்கிறவதான் யோசிக்கணும். நான் விக்கிற வீட்டுல ஆணி அடிக்கிற சத்தம் கேட்டாத்தான் எனக்கு நிம்மதி” என்று நின்று பார்த்தார். வேண்டாத இடத்தில்கூட ஆணி அடித்தேன்.

நாங்கள் வந்த பிறகு ஆறு அதுவரை அவ்வளவு ஏறியதில்லை; அந்த வைகாசியில்தான் நான் முதல் தடவையாகக் கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மழை திரண்டு வீடு இருட்டிவிட்டது. பின்னால் குழாய் திறந்தது. தண்ணீர் காலில் விழுகிற சத்தம், பாதம் சிமெந்தில் ஒட்டி ஒட்டி எடுபடுகிற சத்தம். பிறகு கதவு. விரலை மடக்கித் தட்டவில்லை, உள்ளங்கையால் அடித்தது. நான் போனைக் கையில் எடுத்ததுதான் நினைவிருக்கிறது. பாஸ்கரன் மிஸியை த்ரீவீலில் கூட்டி வந்தார். மிஸி குடையை மடக்கி வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனார், பின்கதவை விரியத் திறந்தார், குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் சுவரோரம் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். வெளியே ஒருவரும் இல்லை. மழை, பலாமரம், மூடியிருந்த குழாய். படியில் மட்டும் ஈரக்கால் தடம்.

“வாம்மா, வந்துட்டேன்ல. மூச்ச இழுத்து விடு. முக்காத, இன்னும் முக்காத. என் கையப் புடிச்சுக்க” என்று மிஸி வெறும் வெளியைப் பார்த்துப் பேசினார். நீட்டிய அவருடைய வலது கையின் விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கி வெளுத்தன. யாரோ இறுக்கிப் பிடித்தால் எப்படி வெளுக்குமோ அப்படி. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினார். “என்ன மிஸி ஆச்சு?” என்றேன். “இன்னைக்கும் இல்ல. பயந்துக்கிட்டே இருக்கா. பயந்தா புள்ள இறங்காது” என்றார். மணிக்கட்டில் நகம் பதிந்த பிறைக் கோடுகள் சிவந்திருந்தன. நான் பார்ப்பதைக் கண்டதும் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டார்.

ஆறு ஏறிய நாளெல்லாம் இப்படித்தான் வந்தார். அப்படிப்பட்டவர் ஒரு மழை நாளில் போய்விட்டால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அன்று மத்தியானம் நாங்கள் எல்லோரும் சாவு வீட்டில் இருந்தோம். எங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினார்கள், எவ்வளவு நேரம் தட்டினார்கள் என்று தெரியாது.

மாதப் பூசை முடிந்த மறுநாள் டெரன்ஸ் வந்தார். மிஸியின் அண்ணன் மகன், அவருடைய சொத்துக்கு ஒரே உரித்தாளர், இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வியாபாரம். மரியாதையான ஆள்தான். ஆற்றில் படகு விட வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுதி கட்ட ஒருவர் எங்கள் வீட்டு இடத்தைக் கேட்கிறாராம். “நீங்க கட்டுனது எல்லாத்தையும் திருப்பித் தர்றேன் அக்கா, மேலயும் போட்டுத் தர்றேன்” என்றார். பாஸ்கரன் என் முகத்தைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு போய்விடுவோம் என்பது அந்தப் பார்வை. “மிஸியே இல்ல. இனி மழை பேஞ்சா யாரு வருவா?” என்று மெல்லக் கேட்டார். போவதென்றால் எங்கே போவது? லயத்தில் எங்கள் இடத்தில் கொழுந்தன் மகன் கலியாணம் முடித்துக் குடியிருக்கிறான். திரும்பிப் போனால் மகளையும் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில், வெளித் திண்ணையில்தான் படுக்க வேண்டும். வெளியே மழை பிடித்திருந்தது.

“பின்னால யாரோ கால் கழுவுறாங்க அக்கா, ஆள் வந்திருக்கு போல” என்றார் டெரன்ஸ். நான் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “நான் கல்லையே வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துத்தான் நம்புவேன்.” அவர் சொல்லி வாய் மூடவில்லை, கதவில் உள்ளங்கை விழுந்தது. மறுபடியும் விழுந்தது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது. “திறக்காத ராஜி” என்றார் பாஸ்கரன். எனக்கு எங்கிருந்தோ கோபம் பொங்கியது. போய்விட்ட மிஸி மேல், பயந்து உட்கார்ந்திருக்கிற இரண்டு ஆம்பிளைகள் மேல், யாரும் திறக்காத அந்தக் கதவு மேல். போய்த் திறந்தேன். ஒருவரும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது மிஸி பேசிய பேச்சு மட்டும்தான்.

“மிஸி இல்லம்மா. மிஸி போயிட்டாங்க. நாந்தான் இருக்கேன். நான் எங்கயும் போகல, இது என் வீடு. என் கையப் புடிச்சுக்க” என்றேன். பிடித்தது. ஈரமான, சில்லென்ற, எலும்பு நோகிற பிடி. பிள்ளை பெற்றவள் நான்; அந்தப் பிடியை எனக்குத் தெரியும். பயம் போய் ஐயோ பாவம் என்று அழுகை வந்தது. மூச்சை இழுத்து விடு, இழுத்து விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஏதோ ஒரு கட்டத்தில் “இப்ப முக்கு!” என்றேன். அந்தச் சொல்லை மிஸி அங்கே ஒருநாளும் சொல்லி நான் கேட்டதில்லை. அது என் குரல் இல்லை, மிஸியின் குரல் என்று பாஸ்கரன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். கை விட்டுப்போனது. பிறகு படியடியில், மழைக்குள், ஒரு வீறல். பூனையாக இருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். பச்சைப்பிள்ளைகளோடு காலம் தள்ளுகிற எனக்குப் பூனையும் பிள்ளையும் தெரியாதா? திரும்பிப் பார்த்தேன். டெரன்ஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் விற்கவில்லை. மிச்சத் தவணையைத் தன் பெயருக்குக் கட்டினால் போதும் என்றார். கேகாலையில் புது ஒப்பந்தம் எழுதும்போது என் பக்கம் குனிந்து, “கூரையும் கிணறும் என் பொறுப்புத்தான் அக்கா. ஆனா அது…” என்று இழுத்தார். “அது எங்க பக்கமே இருக்கட்டும் தம்பி” என்றேன். எது என்று நொத்தாரிசு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நாங்கள் மூவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு எவ்வளவு மழை பெய்தும் குழாய் திறக்கவில்லை, கதவும் தட்டவில்லை. மிஸி எனக்கு வீட்டை விட்டுவிட்டுப் போனார் என்று பேசுகிறார்கள். வீட்டை நான் காசு கொடுத்து வாங்குகிறேன், அதில் அவர் ஒரு சதம் குறைத்ததில்லை. தோட்டத்தில் மிஸி பேறு பார்த்த பிள்ளை, தாய் வேலைக்கு இறங்கியதும் என்னிடம்தான் வரும். அவருக்கும் எனக்கும் இருந்த ஏற்பாடு அதுதான். அன்று படியடியில் வீறிட்டதற்குத் தாயும் இல்லை. மிஸியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பிள்ளை. கொஞ்ச நாளாக மழை பெய்யும்போது சமையலறைச் சுவரில், என் முழங்காலுக்கும் கீழே, சின்னச் சின்ன உள்ளங்கை ஈரம் தெரிகிறது. கணக்குப் பார்த்தால் பிடித்து எழுந்து நிற்கிற வயது. பின்வாசலில் படி செங்குத்து. பிள்ளைக்காம்பராவில் வைப்பது போல வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை அடித்துத் தரச் சொன்னேன். பாஸ்கரன் ஏன் என்று கேட்கவில்லை. பிடித்து நிற்கும்போது கையில் சிராய் ஏறிவிடக் கூடாது என்று, பலகையின் மேல்விளிம்பை மட்டும் மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார்.