வெள்ளிக்கிழமை லாரிகள்

இந்த இயங்குதளத்தில் விளையாட்டைத் தொடங்க முடியாது என்று திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. மதினி அதைப் படித்துவிட்டு, காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டார். திருக்கோகர்ணத்து வீட்டின் முன்னறையில், என்ன சொல்லப்போகிறாரோ என்று அவர் நாற்காலிக்குப் பின்னால் நான் நின்றது அப்படியே நினைவிருக்கிறது.

அண்ணன் அப்போது வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு விடுப்பில் வந்தபோது பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்து, மதினிக்கென்றே அந்த கேமிங் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு. அவர் அங்கே லேப்டாப்பிலும் மதினி இங்கேயுமாக ஒரே அணியில் துப்பாக்கிச் சண்டை ஆடுவார்கள். மற்ற நாட்களில் போன் பேச்சு கேஸ் சிலிண்டர், கரண்ட் பில் என்று முடிந்துவிடும். ஆட்டத்தில்தான் இருவரும் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது அந்த மதியங்களில்தான்.

பழைய இயங்குதளத்துக்கு அப்டேட் நின்றுவிட்டது. ஆட்டத்தின் நடுவே அது உறைந்து நிற்கவும் தொடங்கியிருந்தது. புதிய பதிப்பை அந்த இயந்திரம் ஏற்கவில்லை. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றலாம் என்று சொன்னவன் நான். படங்களைத் தனி டிஸ்கில் எடுத்துவைத்து, ராகு காலம் கழிந்த பிறகே வேலையைத் தொடங்கி, ஒலி, வைஃபை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஏமாற்றி ஆடுபவர்களைத் தடுக்கச் சில விளையாட்டுகளில் ஒரு காவல் நிரல் உண்டு என்பதும், அது லினக்ஸை வாசலிலேயே நிறுத்திவிடும் என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

போனில் விஷயத்தைச் சொன்னதும், “என்னடா, ஒங்க மதினி துப்பாக்கியப் புடுங்கிட்டியா?” என்றார் அண்ணன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழையதையே திரும்பப் போட்டுவிடுகிறேன் என்றேன்.

“விடுங்க தம்பி. பாதியில நின்னு நின்னு போறதுக்கு அது எதுக்கு?” என்ற மதினி, என்னென்ன ஓடும் என்று தேடிப்பார்த்தார். எப்போதோ வாங்கிப் போட்டு, தொடாமலே கிடந்த லாரி விளையாட்டு ஒன்று உடனே திறந்தது.

“ஆறு நாளும் லாரிதான ஓட்டுறேன். லீவுலயும் லாரியா?” என்றார் அண்ணன்.

“அந்த ஆறு நாளும் நான் ஒங்க பின்னால வரலையே.”

அண்ணனும் அங்கே லேப்டாப்பில் அதே விளையாட்டைத் திறந்தார். பிறகு, எந்த ஊருக்கு லோடு என்று அண்ணன் கேட்டார். பனி பெய்யும் ஏதோ ஒரு சாலையில் அவர் லாரி முன்னே போக, மதினியின் லாரி தடுமாறிக்கொண்டு பின்னே போனது. வளைவு வரும்போதெல்லாம் அண்ணன் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். நான் செய்த வேலை வீண் என்று எனக்கே தோன்றவிடாமல் காத்தவர் மதினி. அந்த நன்றியை அவரிடம் நான் சொன்னதில்லை.

அண்ணன் இப்போது ஊரோடு வந்துவிட்டார். குடுமியான்மலைக்குப் போவதென்றால் ஸ்கூட்டரை மதினிதான் ஓட்டுகிறார். அண்ணன் பின்னால் உட்கார்ந்து, இண்டிகேட்டரைப் போடு என்று சொல்லிக்கொண்டே போகிறார்.