கலாவின் மீன் வண்டியைக் கழுவி வைத்த காலை

எங்கள் அலுவலகத்தில் எட்டுப் பேர் சேர்ந்து, புதிதாக முளைக்கும் சமூகத் தொழில்களுக்கு முதல் போடுகிறோம். கொடுத்துவிட்டு மறக்கிற நன்கொடை இல்லை. தொழில் நிலைக்கும்வரை கூடவே நிற்போம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கலா என்பவர் ஐஸ்பெட்டி வைத்த லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நாற்றம் என்று பஸ்ஸில் ஏற்றாத மீன்காரப் பெண்களை, கூடையோடு திருக்கழுக்குன்றம் கொண்டுபோய் விடும் வண்டி. இரண்டாவது வண்டிக்கு எங்களைக் கேட்டிருந்தார். எங்களில் பாதிப் பேருக்கு மனமில்லை. பார்த்துவிட்டு வந்து முடிவு சொல்லும் வேலை போன சனிக்கிழமை என் தலையில் விழுந்தது.

சிங்கப்பெருமாள் கோயிலில் காலை 5.50க்கு ரயில். செங்கல்பட்டில் இட்லி, காபி அறுபது ரூபாய். அங்கிருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். கடைசி நாலு கிலோமீட்டருக்கு ஆட்டோ 120 ரூபாய். பேரம் பேசினேன், மனிதர் அசையவில்லை.

குப்பத்துக்குள் நுழைந்தபோது 8.05. வண்டி பளபளவென்று கழுவி, கனகாம்பரம் சுற்றி, பொட்டு வைத்து நின்றது. பக்கத்தில் கூடைகளோடு ஐந்து பெண்கள்.

“இன்னும் கிளம்பலையா?” என்றேன்.

“நீ வர்றேன்னு சொன்னியே சார். அதான் கழுவி வெச்சிகினு நிக்கறோம்” என்றார் கலா.

ஒரு பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது. “போட்டோ புடிக்கிறியா இல்லியா? ஐஸு கரைஞ்சிகினு கீது!”

தினமும் ஏழு மணிக்குக் கிளம்பும் வண்டியாம். எனக்காக நின்றிருக்கிறது. வெட்கமாகிவிட்டது. பையிலிருந்த கேள்விப் பட்டியலை வெளியே எடுக்கவே இல்லை. “எடுங்க வண்டியை” என்று பின்னால் ஏறி, ஐஸ்பெட்டியை ஒட்டி உட்கார்ந்தேன். மீன் தண்ணீர் பேண்ட்டில் வழிந்தது.

நாற்பது நிமிடத்தில் திருக்கழுக்குன்றம். வாடிக்கை வீடுகளில் பாதிப் பேர் வேறிடத்தில் மீன் வாங்கிவிட்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டேன்.

“பேஜாரு படாத சார். நாளிக்கி சரியாப் பூடும்” என்றார் கலா.

செங்கல்பட்டு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்திலிருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோனார். அப்புறம் யாரும் உட்காரவில்லை. பதினாலு கிலோமீட்டர், அரை மணி நேரம். இறங்குவதற்குள் மற்ற ஏழு பேருக்கும் எழுதிவிட்டேன்: “இரண்டாவது வண்டி கொடுத்தே ஆகவேண்டும்.”

இப்படிப் பணம் போடுவதற்கு முன் பார்க்கப் போகிறவர்களுக்கு: வருகிறேன் என்று சொல்லாதீர்கள். ஏழு மணிக்கு முன் அங்கே இருங்கள். மாற்றுத் துணி எடுத்துப்போகாதீர்கள்; அந்த நாற்றத்தோடே திரும்ப பஸ் ஏறுங்கள்.