வலி: இல்லை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், ஆனால் இது நடந்தது. பதினோரு வருடமாக ஸ்கேன் எடுக்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதல் ஆளாகச் சிரிப்பவன் நான்தான். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு சிரிப்பதில்லை.

வந்தவர் ஒல்லியான பஸ் டிரைவர். இதய மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நாலு வருடம். மாற்றி வைத்த இதயத்தில் ரத்தக்குழாய்கள் மெல்ல அடைத்துக்கொள்ளலாம். நரம்பை வெட்டித்தான் இதயத்தை எடுக்கிறார்கள் என்பதால், அடைத்தாலும் பெரும்பாலும் வலி தெரியாது. அதனால்தான் வருடம் ஒரு முறை, உள்ளே குழாய் எதுவும் விடாமல், இந்தப் படம்.

"போன வருஷம் பாஸ் ஆயிட்டேன் தம்பி. இந்த வருஷமும் பாத்துப் போடுங்க," என்று சிரித்தார். வெளியே பெஞ்சில் அவர் மனைவி பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மார்பில் ஒயர்களை ஒட்டினேன். கையில் மருந்து ஏற்றும் ஊசி. கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து மைக்கை அழுத்தினேன். மாலை மணி 4:12. முதலில் ஒரு ஒத்திகை.

"மூச்சை இழுங்க... பிடிங்க."

பிடித்தார். ஆனால் ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம் நிற்கவில்லை. குட்டிக் குட்டி மூச்சு. அழுது முடித்த பிள்ளை விடுவது போல...

டிரைவரின் வாய் மூடியிருந்தது.

"மாமா... வலிக்குது."

சின்னப் பெண்ணின் குரல்.

மறுபடி மைக்கை அழுத்தினேன். "அண்ணே, வலிக்குதா?"

"எனக்கா? ஒண்ணுமில்லையே."

அறையில் வேறு யாரும் இல்லை. 4:15. மருந்தை ஏற்றினேன்.

"பிடிங்க."

"மாமா... ரொம்ப வலிக்குது... எழுதிக்கோங்க..."

4:16. படம் முடிந்தது.

எங்கள் படிவத்தில் 'வலி' என்று ஒரு கட்டம் உண்டு. 'உண்டு' என்று எழுதினால் டாக்டர் அப்போதே படத்தைப் பார்க்க வேண்டும். 'இல்லை' என்றால் மறுநாள் காலை. பேனாவோடு நின்றேன். யார் சொன்னதாக எழுதுவது? ஊரே கைகொட்டிச் சிரிக்குமே என்று பயந்தேன்.

'இல்லை' என்று எழுதினேன்.

மறுநாள் காலை 9:20. படத்தைப் பார்த்த டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். இடது பக்கத்து முக்கியக் குழாயில் நூல் அளவுக்குத்தான் வழி இருந்தது. உடனே வரச் சொல்லி நான்தான் போன் செய்தேன். மனைவி எடுத்தார். ராத்திரி சாப்பிடும்போதே போய்விட்டார் என்றார்.

என் கையில் அவருடைய பழைய ஃபைல் விரிந்து கிடந்தது. இதயம் கொடுத்தவர்: பெண், வயது பதினான்கு.

"வலிக்குதுன்னு... ஏதாவது சொன்னாராம்மா?"



"அவர் சொல்லல தம்பி. அவர் வாயில இருந்து ஒரு பொண்ணு குரல் வந்துச்சு. 'அந்த மாமாகிட்ட ரெண்டு தடவ சொன்னேன், எழுதவே இல்ல'ன்னு அழுதுச்சு..."

"யாரு தம்பி அந்த மாமா?"