ஐந்து கிலோ கல்லைத் திருடினோம்

ஏழைகள் நாலு பேர் சேர்ந்து பணக்காரன் வீட்டில் கைவைக்கும் சிரிப்புப் படம் எது வந்தாலும் இன்றைக்கும் பார்த்துவிடுவேன். கதை எனக்கு முன்கூட்டியே தெரியும். திட்டம் போடுவார்கள், ஒருவன் சொதப்புவான், எப்படியோ தப்பிப்பார்கள். தெரிந்தும் உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு இடத்தில் மட்டும் என்னால் மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்க முடிவதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காட்டுக்கு வெளியே ஒரு டூரிங் டாக்கீஸில் நான் ஆபரேட்டராக இருந்தேன். எனக்கு இருபத்திமூன்று வயது. கொட்டகைக்குள் மணல்தான் தரை. ஒரே ஒரு புரொஜெக்டர். ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை விளக்கைப் போட்டுவிடுவோம். அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் சனங்கள் அடுத்து என்ன நடக்கும் என்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

அந்த வருடம் வந்த ஒரு படம் மூன்று வாரம் ஓடியது. மில்லில் வேலை போன நாலு பேர் முதலாளியின் இரும்புப் பெட்டியைத் தூக்குகிற கதை. வழக்கமாக எங்கள் ஊரில் சாமி படமும் சண்டைப் படமும்தான் ஓடும். இந்தப் படத்துக்கோ தோணிரேவிலிருந்தும் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்தும் பார்த்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். ஏரியில் இறால் பிடித்தவர்கள் எல்லாருக்கும் தினமும் ஏமாறுவது பழக்கமாகியிருந்தது. திரையிலாவது ஒரு முதலாளி முழிப்பதைப் பார்க்க அவர்களுக்கு ஆசை. பெட்டியைக் காவல் காக்கும் வாட்ச்மேனை வாயில் துணி அடைத்துத் தூணில் கட்டிப்போடும் காட்சி வந்தால் கொட்டகையே அதிரும். ஏரிக்கரை இறால் கொட்டகையில் ஐஸ் உடைக்கிற அண்ணன் அந்த இடத்தில் மணலில் புரண்டு சிரிப்பார்.

அந்த இறால் கொட்டகை ஒரு வியாபாரியுடையது. பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தும் தவழ்ந்தும் சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிப்பார்கள். பிடித்ததை ஓலையில் முடைந்த பறிக்கூடையில் போட்டுக்கொண்டு நேராக அங்கேதான் வருவார்கள். அவருடைய ஐந்து கிலோ எடைக்கல்லில் கோளாறு இருப்பதாக எல்லாருக்கும் சந்தேகம். நிரூபிக்க வழியில்லை.

இறால் தடவுகிற அக்கா ஒருத்தி எனக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவன். மூன்றாம் முறை படம் பார்த்த மறுநாள் அவள் என்னிடம் வந்தாள். பக்கத்துச் சைக்கிள் கடை பாயும் அப்போது என்னோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தக் கல்லைத் தூக்கிட்டு வந்தா இன்னா? எடை ஆபீசர் கையில குடுத்துட்டா அவன் வண்டவாளம் தெரிஞ்சிடும்ல?"

பாய் சிரித்தார். "யம்மா, படத்துல நாலு பேரு இருந்தாங்க. நம்ம மூணு பேருதான் கீறோம்."

"என் ஓரகத்தியைக் கூட்டினா நாலு."

விளையாட்டாகத்தான் பேச ஆரம்பித்தோம். இரண்டு நாளில் அது உண்மையான திட்டமாகிவிட்டது. இறால் கொட்டகை வாசலில் அக்காவும் ஓரகத்தியும் பொய்யாகச் சண்டை போட வேண்டும். வியாபாரி விலக்க வருவார். பாய் சைக்கிளோடு வந்து கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். தராசுக்குப் பக்கத்திலேயே நிற்கும் ஐஸ் அண்ணனை அப்பால் இழுத்துக்கொண்டு போய்ப் பேச்சுக் கொடுப்பது என் வேலை. நாலு வேலையில் அதுதான் சுலபமானது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

காலை பத்து மணி இருக்கும். அண்ணனைப் புளியமரத்தடிக்குக் கூப்பிட்டு, வீட்டோடு எல்லாரும் படம் பார்க்கப் பாஸ் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை பேர் வரலாம், மச்சினியையும் கூட்டி வரலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

அதற்குள் வாசலில் சண்டை தொடங்கியது. முதலில் ஒத்திகை பார்த்த மாதிரியே பறி, இடம், முறை என்று கத்தினார்கள். திடீரென்று ஓரகத்தியின் குரல் மாறியது.

"உன் புருசனைத் தேடி என் புருசன் ஒம்போது நாளு கடல்ல அலைஞ்சான். கொயந்தைக்குக் காச்சல்னு நான் கெடந்தேன். ஒரு நாளு, ஒரு வார்த்தை சொன்னியாடி நீ?"

அக்கா உண்மையாகவே அழ ஆரம்பித்தாள். வியாபாரி இருவருக்கும் நடுவில் போய் நின்று கை கூப்பினார். பாய் கல்லை எடுத்துவிட்டார். ஆனால் பையில் போட்டதும் கனம் ஒரு பக்கம் இழுக்க, சைக்கிள் சாய்ந்தது. கல் உருண்டு ஓடிச் சேற்றில் விழுந்தது. ஓரகத்தி அழுதபடியே போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். ஒப்பாரி வைக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அக்கா அவளைத் தூக்குவது போலக் கட்டிப்பிடித்துக் கல்லைத் தன் பறிக்குள் தள்ளி, அப்படியே ஏரித் தண்ணீரில் இறங்கி நடந்துவிட்டாள்.

மதியம் பாய் கடையில் நாங்கள் சிரித்த சிரிப்பை வாழ்க்கையில் அதற்குப் பிறகு சிரித்ததில்லை. ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை. அக்கா அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் புடவையில் காய்ந்த சேற்றைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள்.

பாயும் நானும் அப்போதே பஸ் ஏறி எடை அளவு ஆபீசுக்குப் போனோம். அதிகாரி கல்லை நிறுத்துப் பார்த்தார். அரை கிலோ அதிகமாக இருந்தது. அடிப்பக்கம் குடைந்து ஈயம் ஊற்றியிருந்தார்கள்.

"எங்க கெடைச்சுது?"

சொன்னோம். அவர் பேனாவை மூடிவிட்டார். "கல்லு அவன் கடையில இருந்திருந்தா அவன் மேல கேஸ். உங்க கையில இருந்தா உங்க மேல திருட்டுக் கேஸ். என்கிட்ட வந்து சொல்லியிருந்தா நானே திடீர்னு வந்து பாத்திருப்பேனே. ஏம்ப்பா எடுத்தீங்க?"

படத்தில் அப்படி எடுத்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

கல்லோடு திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் சேதி தெரிந்தது. கல்லைப் பழைய இரும்புக் கடைக்கு விற்றுவிட்டான் என்று சொல்லி ஐஸ் அண்ணனை ஸ்டேஷனில் பிடித்துக் கொடுத்துவிட்டார் வியாபாரி. தராசை விட்டு நகராதவன் அந்த நேரம் பார்த்து ஏன் நகர்ந்தான் என்பதுதான் கேள்வியாம்.

அன்று மாலை முதல் ஆட்டம் ஓட்டினேன். வாட்ச்மேனைக் கட்டிப்போடும் காட்சி வந்தது. வழக்கம்போலக் கொட்டகை அதிர்ந்தது. புரொஜெக்டர் அறையின் சின்ன ஓட்டை வழியாக நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடிந்ததும் அந்த வாட்ச்மேனை முதலாளி என்ன செய்திருப்பான் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசித்தேன். அந்த ஆளுக்கும் ஒரு வீடு இருக்கும். அவன் சம்பளத்தை எதிர்பார்த்து யாராவது இருப்பார்கள். படம் அவனை அந்தத் தூணிலேயே விட்டுவிட்டு நாலு பேரோடு போய்விடுகிறது. ரீல் ஓடி முடிந்ததை நான் கவனிக்கவில்லை. அடுத்த ரீலை மாட்ட அவ்வளவு நேரமானதில் வெளியே விசில் அடித்தார்கள்.

அக்கா போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாள். பாயும் நானும்தான் தடுத்தோம். பாய்க்கு மூன்று பெண்கள். எனக்கு ஒருவரும் இல்லை. ஆனாலும் பயந்தேன். ரெண்டு நாள் பொறு, அவங்களே விட்டுடுவாங்க என்றோம். அந்த இரண்டு நாளும் அண்ணன் மனைவி ஸ்டேஷன் வாசலில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். நான் அந்த வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை அக்கா எங்களிடம் கேட்கவில்லை. பாய் கடையில் ஒளித்து வைத்திருந்த கல்லை முந்தானையில் சுற்றிக்கொண்டு போய், பெண்கள் எல்லாரும் பறியோடு நிற்கும்போது தராசுத் தட்டில் வைத்தாள்.

"நான்தான் எடுத்தேன். என் கூட யாரும் கூட்டு இல்ல. இதுல ஈயம் ஊத்திகீது. ஆபீசர் பாத்துட்டாரு. அந்த ஆளை வுட சொல்லு. என்னைப் புடிச்சிக் குடு, கல்லையும் சேத்துக் குடு."

வியாபாரி கல்லைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். அவர்கள் ஒருவரும் பறியைக் கீழே இறக்கவில்லை. மதியத்துக்குள் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கல் ஸ்டேஷனுக்குப் போவதை அவர் விரும்பவில்லை.

அடுத்த வாரம் முத்திரை குத்திய புதுக் கற்கள் வந்தன. எல்லாருக்கும் சரியான எடை கிடைத்தது. அக்காவிடம் மட்டும் இறால் வாங்குவதை அவர் நிறுத்திவிட்டார். அவள் பிடித்ததைத் தன் பறியில் சேர்த்துப் போட்டு விற்றுக் கொடுத்தது அந்த ஓரகத்திதான். இதெல்லாம் எங்களுக்கு வெற்றிதான். ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், சிரித்துக்கொண்டே.

ஸ்டேஷனிலிருந்து திரும்பிய ஐஸ் அண்ணனின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஐஸ் உடைக்கும் கட்டையைத் தூக்க முடியவில்லை. கையில்லாதவனுக்கு இங்கே இன்னா வேலை என்று வியாபாரி சொல்லிவிட்டாராம். காசிமேட்டில் மைத்துனன் இருக்கிறான் என்று அவர் குடும்பத்தோடு கிளம்பினார். பஸ் நிற்கும் இடத்துக்கு நான் போனேன். பாத்திர மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு மரத்தடியில நான் சும்மா பேசல."

"தெரியும்" என்றார். "ஸ்டேஷன்ல ரெண்டாவது நாளே புரிஞ்சிடுச்சி. நீ என்கிட்ட அவ்ளோ நேரம் நின்னு பேசினதே இல்லியே."

"அப்ப ஏன் என் பேரைச் சொல்லல?"

அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"சொன்னா உன்னையும் கூட்டியாந்து அடிப்பாங்க. அதுக்கோசரம் என்னை வுட்டுடப் போறாங்களா இன்னா?"

பஸ் வந்தது. மூட்டைகளை நான் மேலே ஏற்றிக் கட்டினேன். இறங்கி வந்தபோது அவர் கம்பியை இடது கையால் பிடித்து ஏற முயன்றுகொண்டிருந்தார். அவர் மனைவி உள்ளிருந்து தோளைப் பிடித்து இழுத்தாள். நான் பின்னாலிருந்து தாங்கப் போனேன். "வேணாம்" என்றாள் அவள், என் முகத்தைப் பார்க்காமல்.