இன்னும் அஞ்சு

நெவில் எப்படிச் செத்தான் என்று போலீஸ் எழுதிய தாளில் ஒன்பது வரி இருக்கிறது. ஒன்பதும் உண்மைதான். ஆனால் முழுசு இல்லை. மிச்சத்தை நான் எழுதுகிறேன். எழுத்து எனக்கு நாற்பத்து நாலு வயதில்தான் வந்தது. அலங்காரம் தெரியாது. பார்த்ததையும் கேட்டதையும் மணியோடு எழுதத் தெரியும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ராத்திரியில் வானத்தைப் படம் எடுக்கப் போகிறவர்கள் மட்டும் கடைசி வரை படித்துவிடுங்கள்.

நானும் நெவிலும் ஆஸ்திரேலியாவில் கல்கூர்லிக்கு வடக்கே தண்டவாள வேலை. இருபத்திரண்டு வருஷம் ஒரே கும்பலில் கட்டை மாற்றினோம், கல் கொட்டினோம். இரண்டு பேருக்கும் முதுகு போய்விட்டது. எனக்குக் கண்ணும் பாதி போய்விட்டது, தண்டவாளம் அறுக்கும்போது தெறித்த தீப்பொறியால். லீவு நாளில் எங்களுக்கு ஒரே பைத்தியம், படம் எடுப்பது. ஃபுல் ஃப்ரேம் கேமரா ஒன்று, இரண்டு பேருக்கும் பொது. அதற்கு லென்ஸ் மூன்று, எல்லாம் யாரோ கழித்துக் கட்டியது.

ஊர் மன்றத்துச் சுவரில் மாட்ட வருஷா வருஷம் ஒரு வானப் படம் தேர்ந்தெடுப்பார்கள். மூன்று வருஷமாகப் பல் டாக்டர்தான் ஜெயிக்கிறார். இந்த வருஷம் கடைசி நாள் ஆகஸ்ட் பதினெட்டு, மதியம் பன்னிரண்டு மணி. நாங்கள் போனது பதினேழாம் தேதி. அமாவாசை.

இடம், மூடிப்போன ஒரு தங்கச் சுரங்கம். பழைய மரக்கோபுரம் ஒன்று தனியாக நிற்கும். சுற்றிலும் நூறு வருஷத்துக் குழிகள். பல குழிகளுக்கு மூடியே கிடையாது. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே போய், ஆளுக்கொரு கம்பை எடுத்துக்கொண்டு, கேமரா வைக்கும் இடத்திலிருந்து ஐம்பது தப்படி வரை தரையைக் குத்திக் குத்திப் பார்த்தோம். கெட்டித் தரை. ஒரு பொத்தல் இல்லை. அதற்கு மேல் பார்க்கவில்லை. நெவில் விளக்கோடு போய் நிற்பது முப்பதாவது தப்படியில். அதைத் தாண்ட யாருக்கு வேலை?

மாலை 4.10. வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து மூன்று லென்ஸையும் துணியில் பரப்பினோம்.

“பதினாலைப் போடு,” என்றான் நெவில். “ஆகாசம் மொத்தமும் உள்ள வந்துடும். மூணு மீட்டரைத் தாண்டினா எல்லாமே தெளிவு. உன் குருட்டுக் கண்ணுக்கு அதான் லாயக்கு.”

“அதுக்கு வாய் சின்னதுடா. இருபத்திநாலு போடுறேன்.”

“மூலையில நட்சத்திரத்துக்கெல்லாம் ஈசல் மாதிரி றெக்கை முளைக்கும். பரவாயில்லையா?”

“முளைக்கட்டும். பல் டாக்டர் வந்து புடுங்கட்டும்.”

“அப்போ அம்பது?”

“அம்பதுல ஆகாசம் கைக்குட்டை அளவுதான் விழும். அதை உன் காரலோட மூஞ்சிக்கு வெச்சுக்க.”

“அவளைப் பதினாலுல எடுத்துத்தான்டா மூக்கு பூசணியா வந்துச்சு. ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு கிடையாது.”

காரல் அவன் மனைவி. அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். ரெண்டு பேரும் இருமி இருமிச் சிரித்தோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லென்ஸில் இரண்டு எண் இருக்கும். முதல் எண் சின்னதானால் அகலமாகப் பார்க்கும். இரண்டாவது எண் சின்னதானால் வாய் பெரிது, வெளிச்சத்தை அள்ளிக் குடிக்கும். பதினாலுக்கு இரண்டாவது எண் 2.8. இருபத்திநாலுக்கு 1.4. நாலு மடங்கு வெளிச்சம். ஆனால் பெரிய வாய்க்கு ஒரு தண்டனை உண்டு. ஃபோகஸ் ஒரு மயிரிழை தவறினாலும் நட்சத்திரம் எல்லாம் காசு காசாக ஊதிவிடும். பதினாலைப் போட்டிருந்தால் அந்தத் தொல்லை இல்லை. யாரும் எங்கேயும் போய் நிற்க வேண்டியதும் இல்லை.

கேமரா என் கையில் இருந்தது. இருபத்திநாலை மாட்டினேன்.

என் கண்ணுக்குத் திரையில் நட்சத்திரம் பிடிபடாது. அதனால் எங்களுக்கு ஒரு வழி உண்டு. நெவில் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு முப்பது தப்படி போவான். திரும்பி என்னைப் பார்த்து நிற்பான். அந்த விளக்கைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஊசி முனையாகும் வரை வளையத்தைத் திருப்புவேன். அது தெளிந்தால் நட்சத்திரமும் தெளியும். தூரம் போதவில்லை என்றால் “இன்னும் அஞ்சு” என்பேன். ஐந்து தப்படி பின்னால் வைப்பான். திரும்பினால் விளக்கு மறைந்துவிடும். அதனால் பின்னாலேயே நடப்பான்.

சுரங்க ஊரில் பின்னால் நடக்காதே என்று குழந்தைக்குக்கூடச் சொல்லித் தருவார்கள். படம் எடுக்கிறவனுக்கு அது மறந்துபோகும்.

இரவு 10.31. குளிர். காற்றே இல்லை. நெவில் எண்ணிக்கொண்டே போனான்.

“...இருபத்தொம்பது, முப்பது. போதுமா?”

நான் கோட்டைத் தலைக்கு மேல் போட்டு மூடிக்கொண்டேன். திரை கண் கூசாமல் தெரிய அதுதான் வழி. இருட்டில் ஒரே ஒரு புள்ளி. விளக்கு. பெரிதாக்கினேன். வளையத்தைத் திருப்பினேன். தூரத்துக் கடைசி வரை போனேன், தெளியவில்லை. இந்தப் பக்கம் திருப்பினேன். இன்னும். இன்னும். டக்கென்று ஊசி முனையாக நின்றது.

வளையத்தில் இருந்த தூர எண்ணைப் பார்த்தேன்.

ஒரு மீட்டர்.

கழித்துக் கட்டிய லென்ஸ், குறி நகர்ந்திருக்கும் என்று நினைத்தேன். முப்பது தப்படியில் நிற்கிறவன் ஒரு மீட்டரில் எப்படித் தெளிவான்?

“இன்னும் அஞ்சு!”

சரக். சரக். சரக். சரக். சரக். சரளைக் கல்லில் அவன் பூட்ஸ்.

“போதுமா?”

திரையில் விளக்கு கொஞ்சம்கூடச் சிறுக்கவில்லை.

“இன்னும் அஞ்சு!”

சரக் சரக்... ஐந்து.

“போதுமாடா? காலு விறைக்குது.”

குரல் தள்ளிப் போயிருந்தது. விளக்கு தள்ளிப் போகவில்லை. வளையம் அதே ஒரு மீட்டர்.

10.38. மூன்றாவது தடவை சொன்னேன். ஐந்து தப்படி கேட்டது. நாற்பத்தைந்து. ஐம்பதுக்கு மேல் நாங்கள் பார்க்கவில்லை. அது என் நினைவில் இருந்தது. சத்தியமாக இருந்தது.

“போதும்! நில்லு! அசையாத!”

“சரி, எடுத்துத் தொலை.”

நான் சொன்னதற்கு அவன் கடைசியாகக் கொடுத்த பதில் அதுதான்.

10.40. பொத்தானை அழுத்தினேன். பதினைந்து நொடி. ஆறோ ஏழோ ஆகியிருக்கும்.

சரக். சரக். சரக். சரக். சரக்.

“அசையாதன்னு சொன்னேன்ல!”

படம் முடிந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் நடை. ஐந்து. நிறுத்தம். ஐந்து. நிறுத்தம்.

குளிருக்கு உலாத்துகிறான் என்று பல்லைக் கடித்தேன். மூன்றாவது படம். ஐந்து. நிறுத்தம்.

சரக். சரக்...

பிறகு கல் உருளும் சத்தம். சின்னக் கல். நிறைய. ரொம்ப நேரம் உருண்டது...

விழுந்துவிட்டானோ? திரையைப் பார்த்தேன்.

விளக்கு நின்ற இடத்தில் அப்படியே நின்றது.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். நான் அப்பாடா என்றேன்.

10.46. “சரி, வாடா. தேநீர் ஊத்துறேன்.” கோட்டை விலக்கி நிமிர்ந்தேன்.

எதிரே விளக்கு இல்லை.

இருட்டு. கோபுரம். வானம். அவ்வளவுதான்.

“நெவில்?”

குனிந்து கோட்டுக்குள் போனேன். திரையில் விளக்கு இருந்தது.

நிமிர்ந்தேன். இல்லை.

குனிந்தேன். இருந்தது.

முன்னைவிடப் பெரிதாக.

திரை மெல்ல மங்கியது. லென்ஸின் முன் கண்ணாடியை எட்டிப் பார்த்தேன். பனி பூத்திருந்தது. வட்டமாக. நடுவில் மட்டும். வண்டிக் கண்ணாடியில் பனி இல்லை. கேமரா முதுகில் இல்லை.

வட்டம் சுருங்கியது. மறுபடி பூத்தது.

சுருங்கியது.

பூத்தது.

யாரோ மூச்சு விடுவதுபோல...

அப்போது கேட்டது. லென்ஸுக்கு முன்னால். ஒரு மீட்டரில்.

நெவில் குரல்.

“போதுமா?”

ஓடினேன். கேமராவை விட்டுவிட்டு. வண்டிக்குள் விழுந்து கதவைப் பூட்டினேன். 10.49. முன்விளக்கைப் போட்டேன். சிவப்பு மண். கோபுரம். முக்காலியில் கேமரா. ஆள் இல்லை. ஹாரனை அழுத்தினேன். பத்து, இருபது தடவை.

இறங்கித் தேடியிருக்க வேண்டும். தெரியும். இறங்கவில்லை.

10.57. தூரத்தில் ஒரு குரல்.

“ஸ்டா...ன்.”

நெவில் குரல்தான். மண்ணுக்கு அடியிலிருந்து வருவதுபோல. சற்று முன் அதே குரல்தான் லென்ஸ் முன்னால் கேட்டது. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அது என்னைக் கூப்பிடுகிறது.

“ஸ்டான்... கேக்குதா...”

கண்ணாடியை ஏற்றினேன். ரேடியோவைப் போட்டேன். சத்தமாக வைத்தேன். இன்னும் சத்தமாக வைத்தேன்.

நாற்பது நிமிஷம் அப்படி உட்கார்ந்திருந்தேன். 11.37க்கு வண்டியை எடுத்தேன். அறுபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த பெட்ரோல் பங்கிலிருந்து போன் செய்தேன்.

மீட்புக்காரர்கள் அதிகாலை 3.20க்கு அவனைக் கண்டுபிடித்தார்கள். கேமராவிலிருந்து சரியாக எழுபதாவது தப்படியில் ஒரு குழி. பத்தொன்பது மீட்டர் ஆழம். இரண்டு காலும் இடுப்பும் போயிருந்தது. உயிர் இருந்தது. நெற்றி விளக்குகூட எரிந்துகொண்டிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தான். மருத்துவ விமானத்தில் ஏற்றினார்கள். இறங்கும்போது உயிர் இல்லை.

கேமராவை போலீஸ் எடுத்துக்கொண்டு போய், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். மூன்று படம். மூன்றிலும் நட்சத்திரம் காசு காசாக ஊதியிருந்தது. விளக்கு எதிலும் இல்லை. நெவிலுடையதும் இல்லை. மற்றதும் இல்லை.

அடக்கம் முடிந்து மன்றத்தில் தேநீர். சாண்ட்விச் தட்டு என்னிடம் வந்ததும் பேச்சு நின்றது. காரல் நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

“எத்தனை தடவை சொன்ன, ஸ்டான்?”

“எதை?”

“இன்னும் அஞ்சுன்னு. எத்தனை தடவை?”

“மூணு.”

அறைந்தாள். கையிலிருந்த கோப்பை உடைந்தது. யாரும் தடுக்கவில்லை. எனக்கும் தடுக்கத் தோன்றவில்லை.

“சாகப்போறவன் பொய் சொல்லுவானா? தூக்கினவங்ககிட்ட எட்டுன்னு சொல்லியிருக்கான். எண்ணியிருக்கான்டா பாவி. கூப்பிட்டப்போ ரேடியோவக் கேட்டுட்டு உக்காந்திருந்தியே, அது எத்தனை பாட்டுன்னாவது எண்ணினியா?”

வெளியே வந்து வண்டிப் பக்கத்தில் நின்றேன். டீகன் பின்னாலேயே வந்தாள். குழிக்குள் கயிற்றில் இறங்கிய பெண் அவள்தான். விமானம் வரும் வரை நெவில் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

“போலீசுக்கு நான் எழுதிக் கொடுத்ததுல ஒண்ணை விட்டுட்டேன்,” என்றாள். “காரல்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட சொல்லலேன்னா தூக்கம் வராது.”

“சொல்லு.”

“‘இன்னும் அஞ்சு’ன்னு எட்டுத் தடவை கேட்டுச்சாம். உங்க குரல்தானாம், சந்தேகமே இல்லையாம். மொதல் மூணு முன்னாடியிருந்து. கேமரா பக்கத்துலேருந்து.”

“சரி.”

“அப்புறம் வந்த அஞ்சும் அவர் முதுகுக்குப் பின்னாலேருந்து வந்துச்சாம். ரொம்பக் கிட்ட. மெதுவா. ‘இருட்டுல சுத்தி வந்து எனக்குப் பின்னால நிக்கிறான், விளையாடுறான்’னு நெனச்சாராம். ‘அஞ்சு தப்படிக்குப் பின்னால ஸ்டானே நிக்கிறான்னா, அங்க தரை இருக்குன்னுதானே அர்த்தம்’னு என்கிட்ட கேட்டார். நான் ஆமான்னு சொல்லிட்டேன்.”