அகர வரிசையில் அடுக்கிய பாட்டுகள்

தட்டு உள்ளே போகும்போது ஒரு சின்ன முனகல்... அப்புறம் சிடி சுழன்று வேகம் பிடிக்கிற மெல்லிய இரைச்சல். அதற்குப் பிறகுதான் முதல் பாட்டின் நாதஸ்வரம். இருபது வருடம் போல, செஞ்சியில் எங்கள் வீட்டுக் காலை இந்தச் சத்தத்தில்தான் தொடங்கியது.

இதையெல்லாம் எழுதினால் யாராவது படிப்பார்களா என்று தெரியவில்லை. மனதில் இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

அப்போது பஜாரில் ஒரு கடையில், பிடித்த பாட்டுகளைச் சொன்னால் சிடியில் பதிந்து தருவார்கள். என் மனைவி சரோஜா தேர்ந்தெடுத்துச் சொன்ன சாமிப் பாட்டுகளை அங்கேதான் பதிந்து வாங்கினோம். காலையில் அது பாடும். அவள் சமையலறையில், நான் கூடத்தில்.

பின்னாளில் சர்க்கரையால் அவளுக்குப் பார்வை குறைந்தது. ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. சுவரில் கடிகாரம் இருப்பது தெரியும், முள் தெரியாது. ஆனாலும் சமையலறைக்குள் யாரையும் விடமாட்டாள். நான் உதவப் போனால், "நீங்க உப்பு டப்பாவ எடம் மாத்தி வெச்சிட்டு போயிடுவீங்க. அப்புறம் நான்தான் தேடணும். போயி ஒக்காருங்க" என்பாள்.

சில வருடங்களுக்கு முன் சிடி பிளேயர் படுத்துவிட்டது. லென்ஸ் போய்விட்டது, உதிரி கிடைக்காது என்றார்கள். அப்போது சென்னையிலிருந்து வந்திருந்த மகள் மல்லிகா தன் பழைய லேப்டாப்பையும், பென் டிரைவ் செருகினால் பாடுகிற சின்ன ஸ்பீக்கர் ஒன்றையும் கொடுத்து, சிடியில் இருப்பதை எப்படி மாற்றுவது என்று காட்டிவிட்டுப் போனாள்.

நான் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வரிசை இல்லாமல் எதையும் வைக்க எனக்குக் கை வராது. சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து, சாமிப் பாட்டு, சினிமாப் பாட்டு என்று வீட்டிலிருந்த அத்தனை சிடிகளையும் ஏற்றினேன். அடுக்கி முடிக்கும் வரை காலையில் பழைய சிடி லேப்டாப்பிலேயே பாடியது. வெறும் எண்ணாக இருந்ததை அழித்து, ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் முதல் வரியைப் பெயராகக் கொடுத்தேன். மொத்தத்தையும் அகர வரிசையில் அடுக்கிப் பென் டிரைவில் போட்டேன். சிங்கவரத்துப் பால்காரர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையில் காக்கை விரட்டக் கட்ட வேண்டும் என்று சிடிகளைக் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஸ்பீக்கர் பாடியது.

"இன்னாங்க இது, முருகன் பாட்டு முடிஞ்சதும் டப்பாங்குத்து வருது?"

"அகர வரிசை சரோஜா. இனிமே எந்த பாட்டு வேணும்னாலும் ஒடனே எடுத்துடலாம்."

"முருகனே எறங்கி ஆடுவாரு போல இருக்குது" என்று சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதிலிருந்து பால் பொங்கி வழிய ஆரம்பித்தது. இட்லி ஒரு நாள் மாவாக இருக்கும், ஒரு நாள் கல்லாக இருக்கும். குழம்பு அடிப்பிடித்தது. உள்ளிருந்து "மணி இன்னாங்க?" என்று குரல் வரும்... அதுவரை அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

கண் இன்னும் மோசமாகிவிட்டது என்று பயந்துபோனேன். நெருப்புப் பக்கத்தில் நிற்கிறவள், ஏதாவது ஆகிவிட்டால்? போனில் மல்லிகாவிடம் சொல்லிவிட்டேன்.

"நான் அப்பவே சொன்னேன் இல்ல நைனா? அம்மாவால தனியா முடியாது. வீட்ட பூட்டிட்டு இங்க வந்துடுங்க. ஞாயித்துக்கெழம கார் எடுத்துனு வரேன்."

சரோஜா எனக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எங்க கூப்புடுறா என்னை? கண்ணுதான போச்சி, கையா போச்சி?"

பிறகு ஸ்பீக்கர் இருந்த பக்கம் கையைக் காட்டினாள்.

"அந்த பொட்டிதாங்க... பாட்டு எல்லாம் எடம் மாறி வருது. நான் எத வெச்சி சட்டிய எறக்குறது?"

எனக்குப் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். நாதஸ்வரம் தொடங்கும்போது பால் வைப்பாளாம். அடுத்த பாட்டைப் பாடுகிற அம்மாள் குரலை உயர்த்துகிற இடத்தில் பால் பொங்குமாம். குழந்தைகள் சேர்ந்து பாடும்போது இட்லிப் பானை, அதற்கடுத்த இரண்டு பாட்டும் முடிந்தால் இறக்கிவிடலாம். முள் தெரியாமல் போனதிலிருந்து அந்த சிடிதான் அவளுக்குக் கடிகாரம்.

"மொதல் நாளே சொல்லி இருக்கலாமே..."

"அவ்ளோ நாளு ஒக்காந்து அடுக்குனீங்க. மூஞ்சி தெரியலன்னாலும் கொரல்ல தெரிஞ்சிது, எவ்ளோ சந்தோசம்னு. எப்படிங்க சொல்றது?"

பால்காரரிடம் ஓடினேன். "அது வெயில்ல காஞ்சி, கீறல் கீறலா கெடக்குது சார். இப்ப காக்காவே அத மதிக்கிறது இல்ல, உங்க மிஷினா மதிக்கப் போவுது?" என்றார்.

கடைசியில் சரோஜாவே வழி கண்டுபிடித்தாள். "நான் சமைக்கிறேன். கை எங்க போவுதுன்னு பாத்து எந்த பாட்டுன்னு சொல்றேன், நீங்க நம்பர் போட்டுனே வாங்க."

லேப்டாப்போடு சமையலறை வாசலில் உட்கார்ந்தேன். அவள் கை நகர நகரப் பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. நான் பெயருக்கு முன்னால் எண் போட்டுக்கொண்டே வந்தேன். வெங்காயம் அரிந்து முடித்த இடத்தில் நின்றுவிட்டாள். அடுத்தது நினைவுக்கு வரவில்லை. இன்னொரு வெங்காயத்தை எடுத்து மெதுவாக அரிந்தாள். பாதியில் கத்தி நின்றது.

"ஆங்... புல்லாங்குழல் ஊதுவாங்களே, அது!"

வரிசை முடிந்ததும் அந்தப் பாட்டுகளை மட்டும் பென் டிரைவில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மல்லிகா காரோடு வந்தாள். அம்மா தட்டில் வைத்த இட்லியை விண்டு பார்த்தாள். சாப்பிட்டாள். மறுபடி போட்டுக்கொண்டாள்.

"சரி, இந்த வாட்டி விட்டுட்டு போறேன்."

"போறப்ப மாவு கொஞ்சம் எடுத்துனு போ. உங்க ஊரு மாவுக்கு இட்லி இப்படி வராது" என்றாள் சரோஜா.

அந்தக் காலத்தில் கடைசிப் பாட்டு முடிந்ததும் சிடி தானாக நின்றுவிடும். வீடு ஒரு நிமிடம் அமைதியாகும். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும்... சாப்பாடு தயார் என்று அர்த்தம். இந்த ஸ்பீக்கருக்கு நிற்கத் தெரியவில்லை. முடிந்த உடனே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. அதை மாற்ற ஏதோ வழி உண்டாம், மல்லிகா காட்டித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். இப்போது சிடி நின்று கூப்பிடுவதில்லை, அவள்தான் கூப்பிடுகிறாள்.

"ஏங்க... அத நிறுத்திட்டு வாங்க. இட்லி ஆறிப்போவுது."