காரில் ஆர்மோனியம் வாசித்தவன்

சூடேறிய தோல் சீட், பெட்ரோல், அதோடு என் வேர்வை... இரண்டாவது உலக யுத்தம் முடிந்த மறு வருஷத்தை நினைத்தாலே இந்த மூன்று வாசனையும் சேர்ந்து வந்துவிடும்.

எண்பத்தைந்து வயதில் ஒற்றை விரலால் டைப் அடிக்கிறேன் நண்பர்களே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது ஆஸ்டின் டவுனில் ஜாகை. கல்யாணமாகி நாலு மாதம். ஒரு மருந்துக் கம்பெனியில், ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கும் வேலை கிடைத்திருந்தது. பழைய மூன்று கியர் கார் ஒன்றையும் கொடுத்து, "மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸ் எடுத்துடப்பா. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்குவோம்" என்று மானேஜர் சொல்லிவிட்டார்.

எனக்கோ சைக்கிளே தகராறு!

கற்றுக்கொடுத்தது யார் தெரியுமா? என் மனைவி எஸ்தர். யுத்த காலத்தில் பட்டாளத்துப் பெண்கள் படையில் சேர்ந்து லாரி ஓட்டியவள். எங்கள் தெருவில் அதை யாரும் நம்பவில்லை. கட்டிக்கொண்ட நானே பாதிதான் நம்பியிருந்தேன்.

முதல் நாள் விடிந்ததும் பரேட் மைதானம் போனோம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கார் முன்னால் ஸ்டார்ட் பண்ணும் கம்பியைப் போட்டு ஒரே சுற்று... எஞ்சின் உறுமியது. ஏறி உட்கார்ந்து மைதானத்தை ஒரு வட்டம் அடித்தாள். ஒரு குலுக்கல் இல்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் என் முறை. கார் குதித்தது. நின்றது. மறுபடி குதித்தது. நாலு நாளும் இதே கதை. ஐந்தாம் நாள் துணிந்து பிளாக்பள்ளி பக்கம் விட்டேன். இப்போது சிவாஜிநகர் என்கிறோமே, அதுதான்.

"என்னா சாப், காரு டான்ஸ் ஆடுது!" என்று ஒரு ஜட்காக்காரர் சிரித்தார். அவருடைய குதிரை மிரண்டு ஒதுங்கியது. என் மானம் கப்பலேறியது.

எஸ்தர் சிரிக்கவில்லை. என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நீங்க கார் ஓட்டல. சர்ச்ல ஆர்மோனியம் வாசிக்கிறீங்க."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சில் கால் ஆர்மோனியம் வாசிப்பவன் நான். காற்று நிற்காமல் இருக்க இடது, வலது, இடது, வலது என்று இரண்டு பெடலையும் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும். பத்து வருஷப் பழக்கம்... கிளட்சையும் ஆக்சிலரேட்டரையும் அப்படியே மிதித்துத் தள்ளியிருக்கிறேன்!

"காலை விடுங்க. உங்க காது நல்ல காதுதானே? அதால ஓட்டுங்க."

அந்தக் காலத்துக் காரில் கியரை இறக்க, கிளட்சை இரண்டு தரம் மிதிக்கவேண்டும். நடுவில் எஞ்சின் வேகத்தைச் சரியாக ஏற்றாவிட்டால் பல்லோடு பல் உரசி வண்டியே அலறும்.

"கீழ் கியர்ல எஞ்சின் என்ன சுருதியில பாடும்? மனசுல கேளுங்க. அந்த சுருதிக்கு ஏத்துங்க. அப்புறம் போடுங்க."

கேட்டேன்... ஏற்றினேன்... போட்டேன்.

சத்தமே இல்லை. கியர் தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சரிகமகூடப் படிக்காதவள், என்னிடமே இருந்த ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள். இவள் யார், என்னென்ன தெரிந்தவள் என்று அன்று முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் டெஸ்ட். எஸ்தர் பின் சீட்டில். ஏற்றத்தில் கியரை இறக்கச் சொன்னார் போலீஸ் அதிகாரி. இறக்கினேன்.

"அடடே! யாருப்பா உனக்குக் கத்துக்கொடுத்தது?"

"பட்டாளத்துல லாரி ஓட்டின ஒரு சிநேகிதர் சார்" என்றேன்.

பெண்டாட்டி என்றால் சிரிப்பார், லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். இல்லை... வெட்கம். வெட்கம்தான்.

வேலை நிலைத்தது. டெஸ்ட் முடிந்து திரும்பும்போது எஸ்தர், "ஏத்தத்துல நல்லா மாத்தினீங்க" என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஸ்டீயரிங் என் கையிலேயே நின்றுவிட்டது. அவளும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

இப்போது பேத்தியின் காரில் கிளட்சே கிடையாது. ஓசூர் ரோடு நெரிசலில் பேசிக்கொண்டே ஜோராக ஓட்டுகிறாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யாராவது கேட்டால், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பெயரைப் பட்டென்று சொல்லிவிடுகிறாள்.

அன்று அந்தப் போலீஸ் அதிகாரிக்குச் சொல்லியிருக்கவேண்டிய பதில் எனக்கு வர, எஸ்தர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகவேண்டியிருந்தது.

"பின்னாடி உட்கார்ந்திருக்காங்களே... என் மனைவி. அவங்கதான் சார்."